பங்கஜாட்சன் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம்

அந்திப்பிரபை என்று அந்த நிலையத்துக்குப் பெயர் வைத்தவர் யாரென்று தெரியவில்லை. மனம் ஒடிந்துபோன வயசாளிகளுக்கு ஆறுதல் சொல்ல ஓர் இடத்தைத் திறந்துவிட்டு, அதற்கு அணையப்போகிற வெளிச்சத்தின் பெயரை வைப்பதற்குத் தனி மூளை வேண்டும். அந்த மூளை டாக்டர் கிரிஜாவல்லபக் குறுப்பிடம்தான் இருந்தது என்று நெடுந்துருத்துத் தீவில் பேச்சு. அவர்தான் நிலையத்தின் இயக்குநர். டாக்டர் என்றால் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. மனச்சோர்வு வந்த முதியவர்கள் ஏன் ஆலோசனைக்கு வரத் தயங்குகிறார்கள் என்று தடித்தடியாக எழுதிப் பட்டம் வாங்கிய டாக்டர். முதியவர்களின் தயக்கம்தான் அவருக்குச் சோறு போட்டது, வீடு கட்டிக் கொடுத்தது.

நிலையம் படகுத்துறைக்கு எதிரே, உரக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கான இடத்தை மூன்றாவது மாடியில் வைத்தது ஏன் என்று கேட்கக் கூடாது. லிஃப்ட் இருக்கிறது. அதைத் திறந்துவைக்க மந்திரி இன்னும் தேதி கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அதன் கதவுக்குக் குறுக்கே கட்டிய ரிப்பன் வெளுத்து, தொங்கி, பல்லிகள் அதைத் தாண்டிப் போய்வரப் பழகிவிட்டன.

இந்த மூன்று மாடியையும் ஒரு திங்கட்கிழமை காலை பங்கஜாட்சன் ஏறினார்.

பங்கஜாட்சன் பயணிகள் போட்டில் ஸ்ராங்காக இருந்து ஓய்வு பெற்றவர். சுக்கான் பிடிக்கிறவரைக் குட்டநாட்டில் அப்படித்தான் சொல்வார்கள். ஆயுசில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்று சம்பாதித்த மனுஷன். மனைவி சௌதாமினி போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அந்தத் துக்கத்தை அவர் ஒருவழியாகத் தாண்டிவிட்டார். மகன் பினுலால் ஷார்ஜாவில். இந்த மழைக்காலம் முடிந்த பிறகு, இன்ன காரணம் என்று இல்லாமல், அவருக்குள் ஏதோ ஒன்று நின்றுபோனது. கரிமீன் குழம்பு வாயில் மண்ணாக இருந்தது. பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். கள்ளுக்கடையில் எல்லோரும் சிரிக்கும்போது அந்தச் சிரிப்பு அக்கரையிலிருந்து வருவதுபோல் கேட்டது.

அதுகூடப் பரவாயில்லை. விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற படியில் போய் நின்றுவிடுவார். தண்ணீரில் இறங்கிவிடலாம் என்று தோன்றும். இறங்கினால் ஏற வேண்டாம் என்றும் தோன்றும். ஒவ்வொரு நாளும் திரும்பி வந்தார். ஆனால் நாளைக்கும் திரும்பி வருவோமா என்று அவருக்கே நிச்சயமில்லை. தண்ணீருக்குப் பயப்படாத மனுஷன் தன்னைக் கண்டு பயந்தார். இந்த ஒன்றை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

வார்டு மெம்பர் சசாங்கனிடம் ஆரம்பித்தார். "உங்களுக்கென்ன குறை சேட்டா? பென்ஷன் வருது, மகன் கல்ஃப்ல இருக்கான், சர்க்கரைகூட இல்ல. எனக்குப் பாருங்க, மூணும் இல்ல, சர்க்கரை மட்டும் இருக்கு" என்று மெம்பர் தன் கதையைச் சொல்லத் தொடங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் நிறுத்தினார். அதற்கடுத்த வாரம் ஓர் ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனது. "அன்பான முதியோரே! மனம் திறவுங்கள்! உங்களைக் கேட்க அந்திப்பிரபை காத்திருக்கிறது!" பங்கஜாட்சன் அதை நம்பிவிட்டார். தப்பு அவர்மேல்தான்.

மூச்சு வாங்க மேலே போய் நின்றவரைக் கண்டதும் ஒருங்கிணைப்பாளர் லிஜி நாற்காலியை விட்டு எழுந்தாள். சின்னப் பெண். அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தப் படியில் ஒரு முதியவர் ஏறி வந்து அவள் பார்த்ததில்லை.

"உரக்கடை கீழ இருக்கு அங்கிள்."

"உரத்துக்கு வரல மோளே. மனசு சரியில்ல. ஆலோசனைக்கு வந்தேன்."

"யாரு கூட்டிட்டு வந்தது?"

"யாருமில்ல. நானாத்தான் வந்தேன்."

லிஜி முகம் மாறியது. "அப்படி வர மாட்டாங்களே அங்கிள். எங்க ஆய்வுல, முதியவங்க தானா வர்றதில்லன்னுதான் வந்திருக்கு."

"நான் வந்துட்டேனே."

"அதான் சிக்கல்." அவள் ஒரு நிமிஷம் நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "சரி, உக்காருங்க. எங்ககிட்ட வராதவங்ககிட்ட கேக்கற கேள்விதான் இருக்கு. அதைக் கேட்டுடறேன். நீங்க ஏன் ஆலோசனைக்கு வர்றதில்ல? வெட்கமா? தூரமா? வீட்டுல விட மாட்டேங்கறாங்களா? வயசானா இப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டீங்களா?"

"மோளே, நான்தான் வந்து உன் முன்னால உக்காந்திருக்கேன்."

"வரலைன்னு வெச்சுக்கோங்களேன்."

பங்கஜாட்சன் சட்டத்தை மதிக்கிறவர். பயணி ஒருவர் அதிகம் ஏறினாலும் போட்டை எடுக்க மாட்டார். அரசாங்கத்துப் பெண் சொல்லும்போது மறுப்பது மரியாதையில்லை என்று, தான் வரவில்லை என்று வைத்துக்கொண்டார். வராமல் போனதற்குக் காரணத்தையும் யோசித்தார். மூன்று மாடி என்றார். ஊரில் பைத்தியம் என்பார்கள் என்றார். யாரிடம் சொன்னாலும் உனக்கென்ன குறை என்று கேட்கிறார்கள் என்றார். லிஜிக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"எவ்வளவு தெளிவா சொல்றீங்க அங்கிள்! நெஜமா வராதவங்ககூட இப்படிச் சொன்னதில்ல."

"ஆலோசனை சொல்றவங்க எங்க மோளே?"

"பிரியம்வதா மேடமா? பயிற்சிக்குப் போயிருக்காங்க."

"என்ன பயிற்சி?"

"முதியவங்க வந்தா எப்படி வரவேற்கறதுன்னு."

ஆலோசனை அறை எதிரே இருந்தது. பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தால், விழாக்களுக்கான பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரைவரை அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நம் ஊர்களில் துக்கம் உட்கார இடமில்லாவிட்டாலும் விழாவுக்கு நாற்காலி தயாராக இருக்கும்.

மறுநாள் இயக்குநரே அவரைக் கூப்பிட்டனுப்பினார். பங்கஜாட்சன் மறுபடியும் மூன்று மாடி ஏறினார். குறுப்பு வெள்ளை ஜிப்பாவில், மேஜைக்குப் பின்னால், கேடயங்களுக்கு நடுவில் இருந்தார். மேஜைமேல் கை வைக்க இடமில்லாதபடி கேடயங்கள். எல்லாம் முதியவர்கள் வராததற்காகக் கிடைத்தவை.

"உக்காருங்க. நீங்கதான் வந்த ஆளா?" குறுப்பு அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "தைரியம் பாராட்டணும். ஆனா வெளிப்படையா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த நாட்டுல வயசானவங்க ஆலோசனைக்கு வர்றதில்ல. அதுதான் பிரச்சினை. பிரச்சினை இருக்கற வரைக்கும் திட்டம் இருக்கும். திட்டம் இருக்கற வரைக்கும் லிஜி இருப்பா, வாட்ச்மேன் இருப்பான், நானும் இருப்பேன். திடீர்னு எல்லாரும் உங்களை மாதிரி வர ஆரம்பிச்சா நிலைமை என்ன ஆகும்? பொறுப்புள்ள குடிமகனா யோசிங்க."

"எல்லாரும் வர மாட்டாங்க சாரே. எனக்கு ஒரு விஷயம் சொல்லணும், அவ்வளவுதான். காலையில படியில நின்னா..."

"சொல்லலாம், சொல்லலாம். அதுக்கு முறை இருக்கு. ஒருத்தர் வந்தா அது வெற்றி. ரெண்டு பேர் வந்தா அது கூட்டம். நீங்க ஒருத்தர்தான், அதனால உங்களை வெற்றியா வெச்சுக்கலாம்னு தீர்மானிச்சிருக்கோம். வெட்கத்தை வென்ற முதியவர்! லிஜி, போட்டோ எடு."

லிஜி கைப்பேசியை நீட்டினாள். "அங்கிள், கொஞ்சம் சிரிங்க."

பங்கஜாட்சன் முயன்றார். உதடு விரிந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை.

"பரவாயில்ல, சிரிப்பை நாங்க போட்டுக்கறோம்" என்றார் குறுப்பு. அன்றைய ஆலோசனை அத்துடன் முடிந்தது.

அடுத்த நாள் காலை படகுத்துறையில் ஃப்ளெக்ஸ் எழுந்தது. அதை அச்சடித்த கடைக்காரனைக் குறை சொல்லிப் பயனில்லை. குட்டநாட்டில் ஒரு கிழவனின் படம் ஃப்ளெக்ஸில் வருவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. கடைக்காரனிடம் அதற்கான அமைப்பு தயாராக இருந்தது. இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு, நடுவில் கறுப்பு வெள்ளைப் படம், கீழே கொட்டை எழுத்தில் பங்கஜாட்சன், வயது எழுபத்திரண்டு. குறுப்பு எழுதிக் கொடுத்த வாசகம் நீளமாக இருந்ததால் அதை அடியில் எறும்பு வரிசையாகப் போட்டுவிட்டான். கம்ப்யூட்டர் வைத்த சிரிப்போ, இந்த உலகத்துக் கவலையெல்லாம் தீர்ந்துபோனவனின் சிரிப்பாக அமைந்துவிட்டது.

முதல் போட்டில் வந்தவர்கள் பார்த்தார்கள். ஓடுகிற போட்டிலிருந்து எறும்பு வரிசையை யாரால் படிக்க முடியும்? ஒரு பாட்டம் அழுகை கிளம்பியது. வாசகசாலையை மூடிக் கறுப்புக்கொடி ஏற்றினார்கள். போட்டின் முகப்பில் கறுப்புத் துணி கட்டினார்கள். போட் தொழிலாளர் யூனியன் மலர்வளையம் வாங்கியது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தாமோதரன் முன்னால் வந்தான். தாமோதரன் அவருடைய போட்டில் லஸ்கராக இருந்தவன். கரை நெருங்கும்போது குதித்து போட்டைக் கட்டுவது அவன் வேலை. வழியெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தவன், கேட்டைத் திறந்ததும் நின்றுவிட்டான்.

பங்கஜாட்சன் வராந்தாவில் கஞ்சியும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தாமோதரா, வளையமெல்லாம்? யாரு செத்தது?"

"நீதான்" என்றான் தாமோதரன்.

பின்னால் ஊரே வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்த பெண்கள் அவரைப் பார்த்து அலறி, பிறகு நெஞ்சில் கை வைத்துச் சிரித்து, ஒரு நிமிஷம் அங்கே கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது. பங்கஜாட்சனுக்குக்கூட ஏதோ இளகியது. இத்தனை பேரா எனக்காக என்று அவர் சுற்றிப் பார்த்தார். இவர்களில் ஒருத்தரிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் மெம்பர் சசாங்கன் கைப்பேசியில் ஃப்ளெக்ஸைப் படம் எடுத்துப் பெரிதாக்கி உரக்கப் படித்தார். "மனச்சோர்வு நோயை மறைக்காமல் அந்திப்பிரபைக்கு வந்த... ஓஹோ, செத்துப்போகல. இது மனநோய் விஷயம்."

கூட்டம் அரையடி பின்னால் போனது. யாரும் சொல்லிப் போகவில்லை, அதுவாகப் போனது. ஒரு பெண் தன் பேத்தியைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "கட்டஞ்சாயா போடட்டுமா?" என்று பங்கஜாட்சன் கேட்டார். எல்லோருக்கும் அப்போதே அவசர வேலை வந்துவிட்டது. சாவு வீடு என்று நினைத்து வந்தவர்கள் உட்காரத் தயாராக வந்தார்கள். உயிரோடு இருக்கிறவன் வீட்டில் ஒருத்தரும் உட்காரவில்லை. தாமோதரன் மட்டும் வளையத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, கடைசியில் அதை வேலியில் மாட்டிவிட்டுப் போனான்.

ஃப்ளெக்ஸின் படம் கைப்பேசி வழியாக ஷார்ஜாவரை போய், மதியம் பினுலால் கூப்பிட்டான்.

"அச்சா... அச்சனா பேசறது?"

"நான்தான்டா. எனக்கு ஒண்ணுமில்ல."

அவன் விம்மி விம்மி அழுதான். பிறகு விஷயம் கேட்டான். பிறகு கோபம் வந்தது. "உங்களுக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா? என் மாமியார் வீட்டுல என்ன சொல்றது? நாளைக்கு என் பொண்ணுக்கு வரன் பாக்கணும். ஒண்ணு கேக்கறேன் அச்சா, செத்துப் போயிருந்தாக்கூட லீவு குடுத்திருப்பான், நான் வந்திருப்பேன். இதுக்குப் போய் என்னன்னு லீவு கேக்கறது?"

"சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு பங்கஜாட்சன் போனை வைத்தார். அன்றைக்குக் காலையில் மட்டுமில்லை, சாயங்காலமும் போய்ப் படியில் நின்றார்.

அந்திப்பிரபைக்கு இதெல்லாம் மகத்தான விழிப்புணர்வாகத் தெரிந்தது. ஊர் முழுக்க மனச்சோர்வைப் பற்றிப் பேசுகிறதே! சூட்டோடு சூடாகக் குறுப்பு ஒரு மாநிலக் கருத்தரங்கை அறிவித்தார். தலைப்பு 'ஏன் வருவதில்லை?' பங்கஜாட்சனுக்குப் பொன்னாடை. "அங்கிள், நீங்க ரெண்டு வார்த்தை பேசலாம், சார் சம்மதிச்சுட்டாரு" என்று லிஜி வீட்டுக்கே வந்து சொன்னாள். இரண்டு வார்த்தைதானே எனக்கு வேண்டியது என்று பங்கஜாட்சன் நினைத்தார். வேஷ்டியைக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு போனார்.

கூட்டுறவுச் சங்க மண்டபத்தில் விழா. ஆலோசனை அறையிலிருந்த நாற்காலிகளெல்லாம் அங்கே வந்திருந்தன. அவற்றில் சுற்றுவட்டாரத் தீவுகளிலிருந்து போட்டில் ஏற்றிவந்த கிழவர்களும் கிழவிகளும் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார்கள். விளக்கேற்றக் காற்று விடவில்லை என்று மின்விசிறிகளை நிறுத்தினார்கள். பிறகு திரும்பப் போட மறந்துவிட்டார்கள். வரவேற்புரை, தலைமையுரை, தொடக்கவுரை, அதன்பிறகு வாழ்த்துரை. நம் தேசத்தில் மேடையில் நாற்காலி கிடைத்த யாரையும் வாழ்த்துரை இல்லாமல் திருப்பி அனுப்ப முடியாது. பஞ்சாயத்துத் தலைவர், கூட்டுறவுச் சங்கத் தலைவர், உரக்கடை முதலாளி என்று வரிசையாக வாழ்த்தினார்கள். முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவர் எழுந்தார்.

"எங்க காலத்துல மனச்சோர்வுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. எங்க அப்பா கடைசிப் பத்து வருஷம் சுவத்தைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தார். ஒரு நாள் வாயத் திறந்து மனசு சரியில்லன்னு சொன்னதில்ல. சொன்னா நாங்க விட்டிருப்போமா? அப்படிப்பட்ட கட்டுப்பாடான குடும்பம்!"

பலத்த கரகோஷம். மூன்றாவது வரிசையில் ஒரு கிழவி ஒன்றுக்குப் போக வேண்டும் என்று எழுந்தாள். வாழ்த்துரை முடியட்டும் அம்மச்சி என்று தன்னார்வலர்கள் அன்போடு உட்கார்த்தினார்கள். குறுப்பு ஆய்வின் முடிவை வெளியிட்டார். முதியவர்கள் வராததற்கு முக்கியக் காரணம், அவர்களைக் கேட்க ஆளில்லை என்று அவர்கள் தவறாக எண்ணுவது. இந்தத் தவறான எண்ணத்தைப் போக்க இன்னும் சில ஆண்டுகள் ஆய்வு தேவை.

வெளியே பிரியாணி வெந்த வாசனை வந்த பிறகுதான் பங்கஜாட்சன் கைக்கு மைக் வந்தது. பொன்னாடை கழுத்தைக் குத்தியது. அவர் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்குப் பேசத் தெரியாது. நான் ஒண்ணு சொல்லத்தான் அங்க போனேன். தினம் காலையில வீட்டுப் பின்னால படியில போய் நிக்கறேன். தண்ணியப் பாக்கறேன். இறங்கிடலாம்னு தோணுது. திரும்பி ஏறணும்னு தோணல. அதைச் சொல்லணும்னு..."

மண்டபம் சட்டென்று அமைதியானது. அரை நொடிதான். குறுப்பு பாய்ந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எவ்வளவு கவித்துவம்! நம் முதியவர்களுக்கு நீர்நிலைகள்மேல எப்பேர்ப்பட்ட பற்று பாருங்க! இறங்கினா ஏற மனசில்லையாம்! இந்த இயற்கை ரசனை இளைய தலைமுறைக்கு வருமா? அடுத்து நன்றியுரை. அதன்பிறகு உணவு."

எல்லோரும் கைதட்டினார்கள். பாதிப்பேர் அவருக்கு, பாதிப்பேர் பிரியாணிக்கு. பங்கஜாட்சன் மேடையிலிருந்து இறங்கி, சாப்பிடாமல் வீட்டுக்கு நடந்தார். சொல்லியாகிவிட்டது. ஊரைக் கூட்டி, மைக்கில், தமுக்கடித்த மாதிரி சொல்லியாகிவிட்டது. இனி யாரிடம் போய்ச் சொல்வது? வேதனைகூட இல்லை அவருக்கு. எல்லாம் முடிந்த மாதிரி ஓர் அமைதி. அந்த அமைதிதான் ஆபத்தானது என்று அந்த மண்டபத்தில் கூலிக்கு உட்கார்ந்திருந்த நிபுணர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் கோழிக்காலில் மும்முரமாக இருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் அவர் பின்பக்கம் போனார். படியில் ஏற்கெனவே ஓர் ஆள் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். தாமோதரன்.

"நீ எதுக்குடா இங்க?"

"மைக்குல சொன்னியே, தண்ணியப் பாக்கறேன்னு. அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பாக்க வந்தேன்." தாமோதரன் தண்ணீரில் துப்பினான். "ஒரு மண்ணும் இல்ல. பாசியும் ரெண்டு வாத்தும். பிரியாணி சாப்பிடத்தான்டா நேத்து வந்தேன். நீ பேசினதும் ஒரு வாய் இறங்கல எனக்கு. குடும்பத்தோட நாசமாப் போக அந்தக் குறுப்பு."

பங்கஜாட்சன் இறங்கி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அழுகை வந்தது. தாமோதரன் அவரைத் தேற்றவில்லை. அவனுக்குத் தேற்றத் தெரியாது. பீடி அணைந்துபோனதைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானேடா தெண்டம்?"

"நீ மலர்வளையத்தோட வந்தே."

"அது யூனியன் காசு." அவன் மூக்கை உறிஞ்சினான். "இங்க பாரு. எனக்கு போட்டைக் கரையில கட்டத் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. டவுன் ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை ஒரு டாக்டரம்மா வருது, இதுக்குன்னே. என் மச்சினிச்சி வருஷக்கணக்கா போறா. முட்டுவலின்னு சொல்லிட்டுப் போவா. பன்னெண்டு மணிவரைக்கும்தான் பாப்பாங்க. இன்னிக்கு வியாழக்கிழமை. வேஷ்டி மாத்து."

ஒன்பது மணி போட்டில் ஏறினார்கள். சுக்கானில் அபிலாஷ். ஒரு காலத்தில் பங்கஜாட்சனிடம் திட்டு வாங்கித் தொழில் கற்றவன். கால்வாய் திரும்பி ஏரிக்குள் நுழைகிற குறுகலான இடத்தில் போட் நின்றுவிட்டது. முன்னால் செண்டைமேளம் காதைப் பிளந்தது. வாடகைக்கு எடுத்த வள்ளங்களும் ஹவுஸ்போட்டுகளுமாகக் கால்வாய் அடைத்துக் கிடந்தது. முன் வள்ளத்திலிருந்து கரையோரக் கல்கட்டுவரை ஒரு பேனர். 'தயக்கம் ஏன்? ஆலோசனைக்கு வாருங்கள்!' அந்திப்பிரபையின் விழிப்புணர்வு ஜலயாத்திரை. முன் வள்ளத்தின் நுனியில் குறுப்பு மைக்கோடு நின்றார்.

அபிலாஷ் ஹாரனை அடித்துப் பார்த்தான்.

"பயணிகள் ஒத்துழைக்கணும்" என்றது ஒலிபெருக்கி. "கொஞ்ச நேரம்தான். பிற்பகலுக்குள் முடிஞ்சிடும். முதியவங்க ஆலோசனைக்குப் போகணும்னுதான் இவ்வளவு பாடு."

தாமோதரன் முகப்புக்கு ஓடினான். "ஆலோசனைக்குத்தான்யா போறோம்! வழிய விடு!"

"இப்போ போக முடியாது! விழிப்புணர்வு நடந்துக்கிட்டிருக்கு!"

ஒரு சின்ன வள்ளத்தில் லிஜி துடுப்புக்காரனோடு போட்டை ஒட்டி வந்தாள். பங்கஜாட்சனைக் கண்டதும் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். "அங்கிள்! நல்ல நேரத்துல கெடச்சீங்க. ஒரு புதுக் கேள்வி. இப்போ இந்த நிமிஷம் நீங்க ஆலோசனைக்குப் போக முடியாததுக்குக் காரணம் என்ன? வெட்கமா, தூரமா, குடும்பமா?"

பங்கஜாட்சன் அவளைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். மாசக்கணக்காக உறைந்து கிடந்த மனுஷனின் கழுத்தில் ஒரு நரம்பு புடைத்தது.

"எழுதிக்கோ மோளே" என்றார். "காரணம், நீங்க."

பிறகு திரும்பி, "அபிலாஷே, தள்ளு" என்றார். அந்தக் குரலைக் கேட்டுப் பழகியவன் அபிலாஷ். யோசிக்காமலே தள்ளிக்கொண்டான்.

சுக்கானைத் தொட்டதும் கைக்குத் தன் வேலை ஞாபகம் வந்துவிட்டது. போட்டைப் பின்னால் எடுத்தார். கல்கட்டுக்கும் குறுப்பின் வள்ளத்துக்கும் நடுவே ஆகாயத்தாமரை அடைந்த ஒரு சந்து இருந்தது. போட் நுழையும் என்று வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பங்கஜாட்சன் நுழைத்தார். கூரை பேனரின் நடுவில் குத்தி அதை 'தயக்கம்' ஒரு பக்கம், 'வாருங்கள்' ஒரு பக்கமாகக் கிழித்தது. கிளம்பிய அலையில் முன் வள்ளம் தொட்டிலாக ஆடியது. "கட்டுப்பாடு! கட்டுப்பாடு!" என்று கத்திக்கொண்டே குறுப்பு தண்ணீரில் போய் நின்றார். அங்கே இடுப்பளவுதான் ஆழம். மைக்கை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தார். பேசுகிற சாதனத்துக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது அல்லவா? போட்டிலிருந்த மீன்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பங்கஜாட்சன் சிரிக்கவில்லை. அவர் வாயில் வந்ததெல்லாம் பச்சைப் பச்சையான வசவு. குறுப்பை, குறுப்பின் கேடயங்களை, லிஃப்ட்டை, பொன்னாடையை, தன் மகனின் மாமியார் வீட்டை, ஒருவரையும் விடாமல் ஏரி முழுக்கத் திட்டிக்கொண்டே ஓட்டினார். தாமோதரன் பக்கத்தில் நின்று, விட்டுப்போன பெயர்களை எடுத்துக் கொடுத்தான்.

ஆஸ்பத்திரியில் வரிசை இருந்தது. குத்துவிளக்கும் வாழ்த்துரையும் இல்லை. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் பங்கஜாட்சனின் முறை வந்தது. சின்ன அறை, பச்சைத் திரை, களைத்துப்போன ஒரு டாக்டரம்மா. யார் கூட்டிவந்தது, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

"சொல்லுங்க. என்ன செய்யுது?"

பங்கஜாட்சன் யாராவது குறுக்கே வருவார்களோ என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. சொன்னார். படியை, தண்ணீரை, திரும்பி ஏறத் தோன்றாததை, நேற்றைய அந்த அமைதியை, ஒன்றையும் விடாமல் சொன்னார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடித்ததும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.

"இன்னிக்கும் அப்படித் தோணுச்சா?"

பங்கஜாட்சன் யோசித்துப் பார்த்தார்.

"காலையில தோணுச்சு டாக்டர். அப்புறம் நேரமில்ல. போட் ஓட்டிக்கிட்டிருந்தேன்."

அவள் எழுந்துபோய்த் திரையை இழுத்து மூடிவிட்டு, வெளியே இருந்த நர்ஸிடம் இன்றைக்குக் கொஞ்சம் நேரமாகும் என்று சொன்னாள்.